மலையில் உட்கார்ந்து மெசேஜ் க்யூ ஓட்டுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகை, கூடலூர் பக்கம் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவர்கள் இப்போது நிறைய. தேயிலைத் தொழிற்சாலை எடைக்கணக்கு, ஹோம்ஸ்டே முன்பதிவு, உறைபனி சென்சார் என்று வேலை எதுவானாலும், மெசேஜ் க்யூவை (ஒரு புரோகிராம் அனுப்பும் தகவலை மற்றொன்று எடுக்கும்வரை வரிசையில் வைத்திருக்கும் மென்பொருளை) லேப்டாப்பில் டாக்கர் கன்டெய்னராக (தேவையானதையெல்லாம் உள்ளேயே அடைத்த தனிப்பெட்டியாக) ஏற்றும் இடத்தில் எல்லோரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். கட்டளைகளையும் போனில் சொல்வதுபோல ஒலிப்படியே எழுதியிருக்கிறோம். ‘மைனஸ் வி’ என்றால் ஹைஃபனும் வி எழுத்தும். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கன்டெய்னர்லதான் ஓட்டணுமா? நேரா இன்ஸ்டால் பண்ணா ஆகாதா?

ஆகும். ஆனால் ராபிட்எம்க்யூவுக்கு எர்லாங் வேண்டும், அதுவும் அந்தப் பதிப்புக்குப் பொருந்துகிற எர்லாங். காஃப்காவுக்கு ஜாவா வேண்டும். ஒரு வேலைக்குப் பழைய பதிப்பும் இன்னொன்றுக்குப் புதியதும் தேவைப்பட்டால் ஒரே கணினியில் இரண்டையும் வைத்துக்கொண்டு அல்லாடவேண்டும். கன்டெய்னரில் டேக் எண்ணை, அதாவது பதிப்பைக் குறிக்கும் அடையாளத்தை, மாற்றினால் முடிந்தது. வேண்டாதபோது சுவடில்லாமல் அழித்தும் விடலாம்.

ராபிட்எம்க்யூ, காஃப்கா, ரெடிஸ், மொஸ்கிட்டோ, நேட்ஸ்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எதை எடுக்கறது?

சர்வரில் எது ஓடுகிறதோ அதே மென்பொருள், முடிந்தால் அதே பதிப்பு. லேப்டாப்பில் லேசாக இருக்கட்டும் என்று ரெடிஸை வைத்து எழுதிவிட்டு சர்வரில் ராபிட்எம்க்யூவுக்கு மாறுவது வேலையை இரண்டு முறை செய்வதுதான்.

இன்னும் முடிவாகவில்லை என்றால் வேலையின் தன்மையைப் பாருங்கள். ஒரு வேலையை ஒருவர் எடுத்து முடித்து ‘ஆயிற்று’ என்று சொல்லவேண்டும் என்றால் ராபிட்எம்க்யூ. நடந்தவற்றையெல்லாம் வரிசையாக வைத்திருந்து பலர் பலமுறை திரும்பப் படிக்கவேண்டும் என்றால் காஃப்கா. சென்சார் தகவலுக்கு எம்க்யூடிடி நெறிமுறை பேசும் மொஸ்கிட்டோ. ரெடிஸின் பப்-சப் எதையும் சேமிக்காது. கேட்க ஆளில்லாத நேரத்தில் வந்த மெசேஜ் போனது போனதுதான். சேமிக்கவேண்டும் என்றால் 5.0 பதிப்பில் வந்த ஸ்ட்ரீம்ஸைப் பயன்படுத்துங்கள். பத்துப் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையின் எடைச்சீட்டுக்குக் காஃப்கா வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சர்வரில் ஏற்கெனவே அது இருந்தால் மட்டும் எடுங்கள்.

8 ஜிபி ரேம் லேப்டாப். தாங்குமா அண்ணா?

ராபிட்எம்க்யூ சும்மா இருக்கும்போது நூற்றுச் சொச்சம் எம்பி எடுக்கும். மொஸ்கிட்டோ சில எம்பிதான். காஃப்கா தொடங்கும்போதே 1 ஜிபி ஹீப் (ஜாவாவுக்கான நினைவகம்) கேட்கும். காஃப்கா ஹீப் ஆப்ட்ஸ் என்ற சூழல் மாறியில் 512 எம்பி என்று கொடுத்தால் லோக்கல் வேலைக்குப் போதும்.

விண்டோஸில் ரேமைத் தின்பது பெரும்பாலும் க்யூ அல்ல, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2. அது தானாகவே மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். உங்கள் பயனர் ஃபோல்டரில் ‘டாட் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்’ கோப்பை உருவாக்கி, டபிள்யூஎஸ்எல்2 பகுதியின்கீழ் மெமரி 3 ஜிபி என்று எழுதி, ‘டபிள்யூஎஸ்எல் மைனஸ் மைனஸ் ஷட்டவுன்’ கொடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

லினக்ஸில் சிலருக்கு வேறொரு விசித்திரம் நடக்கும். காலி ராபிட்எம்க்யூ ஜிபி கணக்கில் ரேம் எடுக்கும். திறந்துவைக்கக்கூடிய கோப்புகளின் உச்சவரம்பு எவ்வளவோ, அதற்கேற்ப எர்லாங் முன்கூட்டியே அட்டவணை ஒதுக்கிக்கொள்கிறது. சில லினக்ஸ் வகைகளில் கன்டெய்னருக்குள் அந்த வரம்பு நூறு கோடியைத் தாண்டி இருக்கும். கம்போஸ் கோப்பில் (கன்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கோப்பு) யூலிமிட்ஸ் என்பதன்கீழ் நோஃபைல் 65536 என்று போட்டால் ரேம் உடனே இறங்கிவிடும்.

இமேஜ் இறங்கறதுக்குள்ள நெட் நாலு தடவை போயிடுது. என்ன பண்றது?

இமேஜ் என்பது கன்டெய்னரை உருவாக்கும் மூலப்பொதி, பல அடுக்குகளால் ஆனது. டாக்கர் ஒரே நேரத்தில் மூன்று அடுக்குகளை இறக்கும். பலவீனமான இணைப்பில் மூன்றும் பாதியில் நிற்கும். டீமன் டாட் ஜேசன் கோப்பில் மேக்ஸ்-கன்கரன்ட்-டவுன்லோட்ஸ் மதிப்பை 1 ஆக்குங்கள். முழுதாக இறங்கிய அடுக்கு மறுமுறை இறங்காது என்பதால், ஒவ்வொன்றாக முடிவது இந்த ஊர் நெட்டுக்கு நல்லது.

இதைவிட நல்ல வழி பென் டிரைவ். நல்ல நெட் இருக்கும் இடத்தில், கோயம்புத்தூர் போகும்போதாவது, ஒருவர் இறக்கி ‘டாக்கர் சேவ் மைனஸ் ஓ’ கொடுத்து டார் கோப்பாக்கட்டும். மற்றவர்கள் ‘டாக்கர் லோட் மைனஸ் ஐ’ கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். எம் வரிசை மேக்கில் இறக்கிய இமேஜை இன்டெல் லேப்டாப்பில் ஏற்றினால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ வரும். இறக்கும்போதே பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64 என்று குறிப்பிடவேண்டும். பல இமேஜ்களை ஒரே கோப்பாகக் கட்டினால் பென் டிரைவ் ஃபேட்32 வகையா என்று பாருங்கள். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ‘டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்’ வந்தால் தவறு உங்களுடையது அல்ல. ஒரே பொது ஐபியை மொபைல் நிறுவனம் பலருக்குப் பகிர்கிறது. இமேஜ்களைத் தரும் டாக்கர் ஹப் தளத்தின் வரம்பு அந்த ஐபி முழுவதற்குமானது. இலவசக் கணக்கு ஒன்று திறந்து ‘டாக்கர் லாகின்’ செய்தால் வரம்பு உங்கள் பெயருக்கு மாறும்.

கம்போஸ் கோப்புல குறைஞ்சது என்ன எழுதணும்?

ராபிட்எம்க்யூவுக்கு ஆறு விஷயம். இமேஜ்: 4-மேனேஜ்மென்ட் டேக். லேட்டஸ்ட் வேண்டாம். ஹோஸ்ட்நேம்: ஏதாவது நிலையான பெயர், ‘க்யூ1’ போதும். போர்ட்ஸ்: 127.0.0.1:5672:5672, பிரவுசரில் பார்க்கும் பக்கத்துக்கு 127.0.0.1:15672:15672. வால்யூம் (கன்டெய்னர் அழிந்தாலும் தகவல் நிற்கும் இடம்): பெயரிட்ட வால்யூம் ஒன்று, /வார்/லிப்/ராபிட்எம்க்யூ என்ற இடத்தில். சூழல் மாறிகள்: டீஃபால்ட் யூசர், டீஃபால்ட் பாஸ். கடைசியாக ஹெல்த்செக். ஒவ்வொன்றும் எதற்கு என்பது கீழே வரும் கேள்விகளில் தெரியும்.

அதன்பின் ‘டாக்கர் கம்போஸ் அப் மைனஸ் டி’. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:15672 திறந்தால் உள்ளே நுழையும் பக்கம் வரவேண்டும். பக்கமே வராமல் 5672 மட்டும் வேலை செய்தால், டேக்கில் ‘மேனேஜ்மென்ட்’ விட்டுப்போயிருக்கும்.

கன்டெய்னர் ஓடுதுன்னு காட்டுது. ஆனா என் புரோகிராம் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ங்குது.

உங்கள் புரோகிராம் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. லேப்டாப்பில் நேராக ஓடினால் லோக்கல்ஹோஸ்ட்:5672 சரி. அதுவும் ஒரு கன்டெய்னருக்குள் ஓடினால், அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். கம்போஸில் க்யூவுக்கு வைத்த சர்வீஸ் பெயரைத்தான் முகவரியாகக் கொடுக்கவேண்டும். அப்போது போர்ட், கன்டெய்னருக்குள் இருக்கும் எண். வெளியே 5673க்கு மாற்றியிருந்தாலும் உள்ளுக்குள் 5672தான். க்யூ லேப்டாப்பிலும் புரோகிராம் கன்டெய்னரிலும் இருந்தால் ‘ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டர்னல்’. லினக்ஸில் இது தானாக வராது. எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ் வரியில் அந்தப் பெயருக்கு நேரே ஹோஸ்ட்-கேட்வே என்று சேர்க்கவேண்டும்.

முகவரி சரி, இரண்டாம் முறை ஓட்டினால் வேலை செய்கிறது என்றால் அது நேரப் பிரச்சினை. கன்டெய்னர் தொடங்கியதும் டாக்கர் ‘ரன்னிங்’ என்று சொல்லிவிடும். புரோக்கர் (கன்டெய்னருக்குள் ஓடும் க்யூ மென்பொருள்) எழுந்து போர்ட்டைத் திறக்கப் பல விநாடிகள் ஆகும், பழைய ஹார்டு டிஸ்க் என்றால் அரை நிமிடம்கூட. டிபென்ட்ஸ் ஆன் மட்டும் எழுதினால் தொடங்கும் வரிசையைத்தான் பார்க்கும், தயாரா என்று பார்க்காது. அதன் கண்டிஷனை ‘சர்வீஸ் ஹெல்த்தி’ ஆக்கி, ஹெல்த்செக்கில் ‘ராபிட்எம்க்யூ-டயக்னாஸ்டிக்ஸ் மைனஸ் க்யூ செக்_போர்ட்_கனெக்டிவிட்டி’ கொடுங்கள். பலர் ‘பிங்’ கொடுக்கிறார்கள். எர்லாங் உயிரோடு இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும்.

இவ்வளவு செய்தாலும் புரோகிராமுக்குள் மறுமுயற்சி எழுதியே ஆகவேண்டும். சர்வரில் டிபென்ட்ஸ் ஆன் இருக்காது.

நேத்து ‘டவுன்’ பண்ணிட்டு இன்னைக்கு ‘அப்’ பண்ணா எல்லா க்யூவும் காலி. எங்க போச்சு?

மூன்று இடத்தில் பாருங்கள். முதலாவது, ‘டவுன் மைனஸ் வி’ கொடுத்தீர்களா? அந்த ‘மைனஸ் வி’ வால்யூமையும் சேர்த்து அழிக்கும். இரண்டாவது, பெயரிட்ட வால்யூம் இருக்கிறதா? இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெயரில்லா வால்யூம் ஒன்று உருவாகும், பழையது அநாதையாகக் கிடக்கும்.

மூன்றாவதில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டுகிறார்கள். வால்யூம் சரியாக இருக்கும், உள்ளே தகவலும் இருக்கும், ஆனாலும் க்யூ காலி. ராபிட்எம்க்யூ தன் தகவலை ‘ராபிட்@ஹோஸ்ட்நேம்’ என்ற பெயருள்ள ஃபோல்டரில் வைக்கிறது. ஹோஸ்ட்நேம் கொடுக்காவிட்டால் கன்டெய்னரின் ஐடியே ஹோஸ்ட்நேம் ஆகும். ‘டவுன்’ செய்து ‘அப்’ செய்தால் புதுக் கன்டெய்னர், புது ஐடி, புது ஃபோல்டர். வால்யூமுக்குள் நுழைந்து மினீஷியா ஃபோல்டரைப் பட்டியலிட்டால் வெவ்வேறு பன்னிரண்டு எழுத்துப் பெயர்களில் பழைய தகவலெல்லாம் அடுக்கடுக்காகக் கிடப்பதைப் பார்க்கலாம். ஹோஸ்ட்நேம் வரியைக் கேட்டது இதற்காகத்தான்.

வால்யூமும் போட்டாச்சு, ஹோஸ்ட்நேமும் போட்டாச்சு. க்யூ இருக்கு, உள்ள மெசேஜ் மட்டும் காணோம்!

க்யூ நிலைப்பதும் மெசேஜ் நிலைப்பதும் தனித்தனி. க்யூவை உருவாக்கும்போது ட்யூரபிள் என்று சொன்னால் க்யூ மறுதொடக்கத்துக்குப் பின்னும் இருக்கும். உள்ளே இருக்கும் மெசேஜும் பிழைக்கவேண்டும் என்றால் அனுப்பும்போது டெலிவரி மோட் 2 என்று சேர்க்கவேண்டும். பைத்தானின் பிகா உட்படப் பல லைப்ரரிகளில் இதை நீங்களே சொன்னால்தான் உண்டு. ட்யூரபிள் இல்லாத க்யூவாக இருந்தால் மோட் 2 போட்டும் பயனில்லை, க்யூவோடு சேர்ந்து போய்விடும்.

திடீர்னு கரண்ட் போனா என்ன ஆகும்? இங்க மழை பிடிச்சா மரம் விழுந்து நாள் முழுக்க வராது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் மாத மழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி மழையிலும் இந்தக் கேள்வி வரும். பேட்டரி உள்ள லேப்டாப்பில் கரண்ட் போனால் ரௌட்டர்தான் அணையும். எல்லாம் லோக்கலில் இருப்பதால் க்யூ ஓடிக்கொண்டே இருக்கும், வேலையும் நடக்கும். சிக்கல் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினிக்கும், எடை போடும் இடத்தில் வைத்த சின்னக் கணினிக்கும்தான்.

கொழுந்து எடை போடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தராசிலிருந்து ‘விவசாயி எண், கிலோ, நேரம்’ என்று ஒரு மெசேஜ் க்யூவுக்குப் போகிறது. கன்ஸ்யூமர், அதாவது மெசேஜைப் படிக்கும் புரோகிராம், அதை எடுத்து டேட்டாபேஸில் எழுதுகிறது. கரண்ட் மூன்று இடங்களில் கையை வெட்டலாம். க்யூவுக்குள் போவதற்கு முன் போனால், அனுப்பியதாக நினைத்த சீட்டு எங்குமே இருக்காது. இதற்கு மருந்து பப்ளிஷர் கன்ஃபர்ம்: புரோக்கர் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொன்ன பிறகுதான் திரையில் பச்சை காட்டவேண்டும். க்யூவுக்குள் இருக்கும்போது போனால், மெசேஜைப் பல நோடுகளில் (சர்வர்களில்) நகலெடுத்து வைக்கும் குவோரம் வகை க்யூ காப்பாற்றும். டிஸ்கில் எஃப்சிங்க் ஆன (உண்மையிலேயே எழுதி முடித்த) பிறகே அது உறுதி சொல்லும். ஒரே நோடில் அது ஓடாது என்று சிலர் நினைக்கிறார்கள், நன்றாகவே ஓடும். எக்ஸ்-க்யூ-டைப் மதிப்பைக் குவோரம் என்று கொடுத்தால் போதும். மூன்றாவது, கன்ஸ்யூமர் டேட்டாபேஸில் எழுதிவிட்டு அக் (‘ஆயிற்று’ என்ற பதில்) அனுப்புவதற்குள் போனால் அதே சீட்டு மறுபடி வரும். விவசாயிக்கு 18 கிலோ 36 கிலோவாக ஏறும். அக்கை முன்கூட்டியே அனுப்பி இதைத் தவிர்க்கப் பார்த்தால் 18 கிலோ பூஜ்யமாகும், அது இன்னும் மோசம். ஒவ்வொரு சீட்டுக்கும் தராசுப் பக்கத்திலேயே தனி ஐடி போட்டு, டேட்டாபேஸில் அந்த ஐடிக்கு யூனிக் கட்டுப்பாடு வையுங்கள். இரண்டாம் முறை வந்தால் தானாகத் தள்ளிவிடும்.

சோதிக்க ‘டாக்கர் கில்’ கொடுக்கலாம். ஆனால் அது பாதிச் சோதனைதான். கன்டெய்னர் செத்தாலும் லேப்டாப்பின் இயங்குதளம் உயிரோடு இருப்பதால், நினைவகத்தில் காத்திருந்த எழுத்துகள் பின்னால் டிஸ்குக்குப் போய்விடும். கரண்ட் போனால் அவையும் போகும். காஃப்கா இயல்பாக ஒவ்வொரு மெசேஜுக்கும் எஃப்சிங்க் செய்வதில்லை, மற்ற நோடுகளில் உள்ள நகல்களை நம்புகிறது. ஒற்றை நோடு காஃப்காவில் ‘கில்’ சோதனை தேறியது என்று நம்பி மேசைக் கணினியில் வைத்துவிடாதீர்கள்.

கரண்ட் வந்ததும் தானாக எழவேண்டும் என்றால் ரீஸ்டார்ட் வரியில் ‘அன்லெஸ்-ஸ்டாப்டு’.

பாஸ்வேர்டை கம்போஸ்ல மாத்தினேன். பழசுதான் இன்னும் வேலை செய்யுது.

டீஃபால்ட் யூசர், டீஃபால்ட் பாஸ் இரண்டும் காலி வால்யூமில் முதல்முறை எழும்போது மட்டும்தான் படிக்கப்படும். வால்யூமை அழியுங்கள், அல்லது ‘ராபிட்எம்க்யூசிடிஎல் சேஞ்ச்_பாஸ்வேர்டு’ ஓட்டுங்கள். இன்னொரு விஷயம்: கெஸ்ட் பயனர் லோக்கல்ஹோஸ்டிலிருந்து மட்டும் நுழையலாம் என்பது ராபிட்எம்க்யூவின் இயல்பு. டாக்கர் இமேஜில் அந்தக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டிருக்கிறது. லேப்டாப்பில் கெஸ்ட் வேலை செய்தது, சர்வரில் செய்யவில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

406 பிரீகண்டிஷன் ஃபெயில்டுன்னு வருது.

அதே பெயரில் ஏற்கெனவே இருக்கும் க்யூவை வேறு குணத்தோடு அறிவிக்கிறீர்கள். ட்யூரபிளை மாற்றினாலும், டிடிஎல் (மெசேஜின் ஆயுட்காலம்) சேர்த்தாலும், கிளாசிக் வகையைக் குவோரம் ஆக்கினாலும் இது வரும். இருக்கும் க்யூவின் குணம் மாறாது. 15672 பக்கத்தில் அந்தக் க்யூவை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வால்யூமையே அழிக்கவேண்டியதில்லை.

பிரேக்பாயின்ட் வெச்சிட்டு டீ குடிச்சிட்டு வந்தா கனெக்‌ஷன் அறுந்து கெடக்கு.

இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று ஹார்ட்பீட் (இணைப்பு உயிரோடு இருப்பதைச் சொல்லும் துடிப்பு), இயல்பு 60 விநாடி. பிரேக்பாயின்ட் எல்லாத் த்ரெட்டையும் நிறுத்தினால் ஹார்ட்பீட்டும் நிற்கும், புரோக்கர் இணைப்பைத் துண்டிக்கும். பிகாவின் பிளாக்கிங் இணைப்பில் பிரேக்பாயின்ட்கூட வேண்டாம், கால்பேக்கில் நீண்ட வேலை இருந்தாலே போதும். லோக்கலில் மட்டும் 600 விநாடியாக உயர்த்துங்கள், ஆனால் இரண்டு பக்கமும். பெரும்பாலான லைப்ரரிகள் இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்ளும் என்பதால் புரோகிராமில் மட்டும் மாற்றினால் 60தான் நிற்கும்.

இன்னொன்று அக் வருவதற்கான காலக்கெடு, 30 நிமிடம். அதைத் தாண்டினால் சேனல் மூடப்படும், அப்போதும் பிரீகண்டிஷன் ஃபெயில்டு என்றே வரும். மேலே சொன்ன 406உடன் குழப்பிக்கொள்ளாதீர்கள், செய்தியில் டைம்அவுட் என்ற சொல் இருக்கும். கன்ஸ்யூமர்_டைம்அவுட் மதிப்பை மில்லிவிநாடியில் கொடுத்து, /இடிசி/ராபிட்எம்க்யூ/கான்ஃப்.டி ஃபோல்டரில் தனிக் கோப்பாக மவுன்ட் செய்யலாம்.

ரெண்டு கன்ஸ்யூமர் ஓட்டறேன். ஒண்ணு எல்லாத்தையும் வாரிக்குது, இன்னொண்ணு சும்மா நிக்குது.

பிரீஃபெட்ச் வரம்பு (அக் கொடுக்காமல் ஒரு கன்ஸ்யூமர் கையில் வைத்திருக்கக்கூடிய மெசேஜ் எண்ணிக்கை) வைக்கவில்லை. வைக்காவிட்டால் முதலில் இணைந்தவருக்குக் காத்திருக்கும் மொத்தமும் போய்விடும். வேலை கனமானது என்றால் 1, லேசானது என்றால் 10, 20 என்று வைத்துப் பாருங்கள்.

ஒரே மெசேஜ் திரும்பத் திரும்ப வந்து ஃபேன் அலறுகிறது என்றால், தவறு வந்ததும் ரீக்யூ ட்ரூ என்று நாக் (‘முடியவில்லை, மறுபடி வரிசையில் வை’ என்ற பதில்) அனுப்புகிறீர்கள். ராபிட்எம்க்யூ 4.0 முதல் குவோரம் க்யூ 20 முறை பார்த்துவிட்டு அதைத் தூக்கிப் போட்டுவிடும். தோற்ற மெசேஜ்களைச் சேர்க்கும் டெட் லெட்டர் க்யூ வைக்காவிட்டால் மெசேஜ் மறைந்தேவிடும். லோக்கலிலேயே ஒன்று வைத்துப் பழகுங்கள்.

பப்ளிஷர் எரரும் இல்லாம, நகரவும் இல்லாம அப்படியே நிக்குது.

15672 பக்கத்தின் முகப்பில் சிவப்பு தெரிகிறதா பாருங்கள். டிஸ்கில் காலி இடம் 50 எம்பிக்குக் கீழே போனால் ராபிட்எம்க்யூ அனுப்புகிறவர்களை நிறுத்திவைக்கும். எரர் தராது. ரேம் உச்சவரம்பைத் தொட்டாலும் இதேதான். ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ கொடுத்தால் இடத்தைத் தின்றது யார் என்று தெரியும். பெரும்பாலும் பில்ட் கேஷும் அநாதை வால்யூம்களும். கன்டெய்னர் லாகுக்கும் இயல்பில் வரம்பே கிடையாது. லாகிங் பகுதியில் மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3 என்று போட்டுவிடுங்கள்.

காஃப்கா ஏறிடுச்சு, போர்ட்டும் திறந்திருக்கு. ஆனா மெசேஜ் போகவே மாட்டேங்குது.

காஃப்காவோடு இணைப்பு இரண்டு கட்டம். நீங்கள் கொடுத்த முகவரிக்குப் போனதும் அது ‘என்னை இந்த முகவரியில் பிடி’ என்று ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும். அடுத்து எல்லாப் பேச்சும் அந்த முகவரியில்தான். அதைத் தீர்மானிப்பது அட்வர்டைஸ்டு லிசனர்ஸ். அதில் காஃப்கா:9092 என்று இருந்தால் லேப்டாப்பில் நேராக ஓடும் புரோகிராமுக்கு அந்தப் பெயர் தெரியாது. லோக்கல்ஹோஸ்ட்:9092 என்று இருந்தால் இன்னொரு கன்டெய்னர் தன்னையே தேடிக்கொள்ளும். இரண்டு பேரும் வருவார்கள் என்றால் இரண்டு லிசனர் வையுங்கள்: வெளியாளுக்கு லோக்கல்ஹோஸ்ட்:9092, உள்ளாளுக்குக் காஃப்கா:19092. இரண்டுக்கும் தனிப் பெயர், புரோட்டோகால் மேப்பில் இரண்டுக்கும் பிளெயின்டெக்ஸ்ட், இன்டர் புரோக்கர் லிசனராக உள்பெயர்.

காஃப்காவின் 3.7 பதிப்பு முதல், அதை உருவாக்கும் அப்பாச்சியே தரும் அதிகாரப்பூர்வ இமேஜில் ஒரு பொறி உண்டு. சூழல் மாறி ஒன்றைக் கொடுத்தாலே உள்ளே இருந்த இயல்பு அமைப்பு முழுவதும் விலகிவிடும். ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று போகாதீர்கள், நோட் ஐடி, ரோல்கள், கன்ட்ரோலர் வோட்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

அனுப்பினால் போகிறது, படிக்கும் பக்கம் மட்டும் மௌனம் என்றால் ஆஃப்செட்ஸ் டாபிக்கின் (யார் எதுவரை படித்தார்கள் என்று குறித்துவைக்கும் இடம்) ரெப்ளிகேஷன் ஃபேக்டரை, அதாவது நகல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். இயல்பு 3. உங்களிடம் இருப்பது ஒரே புரோக்கர், அந்த டாபிக் உருவாகவே உருவாகாது. 1 ஆக்குங்கள். ட்ரான்ஸாக்‌ஷன் பயன்படுத்தினால் அதன் ரெப்ளிகேஷன் ஃபேக்டர், மின் ஐஎஸ்ஆர் இரண்டையும் 1 ஆக்குங்கள். பழைய கட்டுரைகளில் ஜூகீப்பர் கன்டெய்னர் சேர்க்கச் சொல்வார்கள். 2025இல் வந்த 4.0 முதல் அது கிடையாது.

தோட்டத்துல வெச்ச ஈஎஸ்பி32, என் லேப்டாப் மொஸ்கிட்டோவைத் தொடவே மாட்டேங்குது.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி வெப்பநிலை பார்க்கும் சென்சாரை ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப்பில் செய்கிறவர்கள் கேட்பது. மொஸ்கிட்டோ 2.0 முதல், கான்ஃபிக் கோப்பில் லிசனர் சொல்லாவிட்டால் லோக்கல்ஹோஸ்டை மட்டும் கேட்கும். அது கன்டெய்னருக்குள் இருக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்பதால் உங்கள் லேப்டாப்பிலிருந்தே எட்டாது. கோப்பில் ‘லிசனர் 1883’, ‘அலவ்_அனானிமஸ் ட்ரூ’ என்று இரண்டு வரி எழுதி /மொஸ்கிட்டோ/கான்ஃபிக் ஃபோல்டரில் மவுன்ட் செய்யுங்கள். சேமிக்கவேண்டும் என்றால் பெர்சிஸ்டன்ஸ் ட்ரூ, இடம் /மொஸ்கிட்டோ/டேட்டா/ என்று மேலும் இரண்டு வரி.

ராபிட்எம்க்யூவுக்குச் சொன்னதுபோல 127.0.0.1 என்று போர்ட்டைக் கட்டினால் சென்சார் உள்ளே வரமுடியாது. இங்கே 1883:1883 என்றே விடவேண்டும். சென்சாரில் லோக்கல்ஹோஸ்ட் எழுதக்கூடாது, லேப்டாப்பின் வைஃபை ஐபி வேண்டும். ரௌட்டரில் அதை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். ஈஎஸ்பி32 பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் பேசும். விண்டோஸ் ஃபயர்வாலும் தடுக்கலாம். எது தடுக்கிறது என்று தெரிய, அதே வைஃபையில் உள்ள போனில் எம்க்யூடிடி செயலி ஒன்றைப் போட்டு இணைத்துப் பாருங்கள். போன் இணைந்தால் குறை சென்சார் பக்கம்.

ஹோம்ஸ்டே வைஃபைல உக்காந்து வேலை செய்யறேன். பக்கத்து ரூம்காரன் என் க்யூவைப் பார்க்க முடியுமா?

போர்ட்டை வெறும் 15672:15672 என்று எழுதியிருந்தால் பார்க்கலாம். அது எல்லா நெட்வொர்க்குக்கும் திறக்கிறது. கெஸ்ட் பாஸ்வேர்டும் பழையபடியே இருந்தால் அழிக்கவும் செய்யலாம். லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேன் என்று நம்பாதீர்கள். டாக்கர் ஐபிடேபிள்ஸில் நேராக விதி எழுதுவதால் யூஎஃப்டபிள்யூ அதைத் தடுக்காது. முன்னால் 127.0.0.1 (இதே கணினி மட்டும் என்று பொருள்) சேர்ப்பது ஒன்றே எளிய வழி. சென்சார் வேலையை வீட்டு நெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் ஃபோல்டரை மவுன்ட் பண்ணேன். ‘குக்கி ஃபைல்’ எரர் வந்து ராபிட்எம்க்யூ சாகுது.

எர்லாங் குக்கி என்ற ரகசியக் கோப்பை உரிமையாளர் மட்டுமே படிக்கவேண்டும் என்பது நிபந்தனை. விண்டோஸ் ஃபோல்டரில் அந்த அனுமதி நிற்காது. பெயரிட்ட வால்யூமுக்கு மாறுங்கள்.

டேக்கை 3லேர்ந்து 4க்கு மாத்தினதும் ஏறவே மாட்டேங்குது.

3.13 வழியாகத்தான் 4.0க்கு வரமுடியும், அதுவும் நிலையான ஃபீச்சர் ஃப்ளாக் (புதிய வசதிகளுக்கான சுவிட்சு) எல்லாவற்றையும் இயக்கிய பிறகு. லோக்கலில் அவ்வளவு மெனக்கெடவேண்டாம். பழைய பதிப்பை ஏற்றி டெஃபினிஷன்ஸை ஜேசனாக ஏற்றுமதி செய்து, காலி வால்யூமில் 4ஐ ஏற்றி இறக்குமதி செய்யுங்கள். க்யூ, எக்ஸ்சேஞ்ச், பயனர் எல்லாம் வரும், மெசேஜ் வராது. அந்த ஜேசனை கோட் களஞ்சியத்திலேயே வைத்து லோட்_டெஃபினிஷன்ஸ் மூலம் ஏற்றினால் புதிதாகச் சேரும் ஆளுக்கும் அதே அமைப்பு கிடைக்கும். மிரர் செய்த கிளாசிக் க்யூ வைத்திருந்தவர்களுக்கு 4.0இல் அது நீக்கப்பட்டுவிட்டது, குவோரத்துக்கு மாறவேண்டும்.

லேப்டாப்ல எல்லாம் சரியா ஓடுது. மலைப்பாதையில சிக்னல் போற மாதிரி எப்படி சோதிக்கறது?

‘டாக்கர் ஸ்டாப்’ இதற்கு உதவாது. அது இணைப்பை முறையாக மூடிவிட்டுப் போகும், புரோகிராமுக்கு உடனே தெரிந்துவிடும். சிக்னல் போனால் யாரும் மூடுவதில்லை, இணைப்பு உயிரோடு இருப்பதாகவே இரண்டு பக்கமும் நினைக்கும். அதற்கு ‘டாக்கர் நெட்வொர்க் டிஸ்கனெக்ட்’ கொடுத்து, நெட்வொர்க் பெயரையும் க்யூ கன்டெய்னர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஹார்ட்பீட் தவறும்வரை புரோகிராம் என்ன செய்கிறது, தவறியதும் தானாக மறுபடி இணைகிறதா என்று பாருங்கள். ‘கனெக்ட்’ கொடுத்தால் மறுபடி இணையும், ஆனால் ‘மைனஸ் மைனஸ் அலயஸ்’ என்று கம்போஸ் சர்வீஸ் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லையென்றால் அந்தப் பெயர் முகவரியாக வேலை செய்யாது.

இன்னும் கடுமையான சோதனை ‘டாக்கர் பாஸ்’. புரோக்கர் அப்படியே உறையும், ஆனால் நீங்கள் அனுப்புவதை இயங்குதளத்தின் பஃபர் வாங்கிக்கொண்டே இருக்கும். கன்ஃபர்ம் கேட்காத புரோகிராம் சீட்டுக்குமேல் சீட்டாகப் பச்சை காட்டும். அந்த நிலையிலேயே ‘டாக்கர் கில்’ கொடுத்து, மறுபடி ஏற்றி, திரையில் பச்சை காட்டிய சீட்டுகளையும் க்யூவில் இருக்கும் சீட்டுகளையும் எண்ணுங்கள். எண் பொருந்தாவிட்டால் கரண்ட் பற்றிய கேள்வியில் சொன்ன முதல் வெட்டுக்கு உங்கள் கோடில் இன்னும் மருந்து போடவில்லை.